குளத்தில் இறங்கத் தடை... கிளப்பையே வாங்கிய மகன்! கோல்ஃப் வாத்தியார்களைத் தெரியுமா?

கோல்ஃப் உலகையே ஆண்ட அர்னால்டு பால்மர், தான் வளர்ந்த கிளப்பின் நீச்சல் குளத்தில் சிறு வயதில் இறங்கவே முடியாது, தெரியுமா? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லட்ரோப் என்ற ஊர். அங்கிருந்த கன்ட்ரி கிளப்பில் புல்வெளியைப் பராமரித்ததும், ஆட்டம் சொல்லிக்கொடுத்ததும் அவருடைய அப்பா டீக்கன் பால்மர்தான். என்ன இருந்தாலும் சம்பளக்காரர். குளம் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு. பையன் மைதானத்தில் ஆட வேண்டுமென்றாலும் உறுப்பினர்கள் தலை தெரியாத நேரம் பார்த்துத்தான் ஆட வேண்டும். 1971-இல் அந்தப் பையன் என்ன செய்தார் தெரியுமா? கிளப்பையே விலை பேசி வாங்கிவிட்டார்!

டீக்கன் பால்மர் போன்றவர்களைத்தான் 'கிளப் புரோ' என்பார்கள். டிவியில் கோப்பையைத் தூக்குகிறவர் வேறு, இவர் வேறு. காலையில் கடை திறக்க வேண்டும். யார் எத்தனை மணிக்கு ஆடுவது என்று பட்டியல் போட வேண்டும். கையுறை விற்க வேண்டும், மட்டைக்குப் புதுப் பிடி போட வேண்டும். பந்து எப்போதும் வலப்பக்கமே ஓடுகிறது என்று புலம்பும் தொழிலதிபருக்கு, தப்பு பந்திலில்லை என்பதை மனம் நோகாமல் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் நடுவே அவர் தனக்காக ஆட நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் ஆடத் தெரியாமல் இந்த வேலைக்கு வந்துவிட முடியாது. 1916-இல் பிறந்த அமெரிக்க பி.ஜி.ஏ. சங்கத்தில் சேர, ஒரே நாளில் 36 குழி ஆடிக் காட்டும் தேர்வு பல்லாண்டுகளாகவே உண்டு!

இந்தத் தொழிலின் முப்பாட்டன்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் ஆலன் ராபர்ட்சன் பந்து செய்து பிழைத்தவர். ஒரே ஒரு தோல் பந்துக்குள் ஒரு தொப்பி நிறைய இறகு திணிப்பார்களாம்! மலாயா காட்டு மரத்துப் பாலில் செய்த மலிவுப் பந்து வந்ததும் அவருக்கு வயிறு எரிந்தது. தன் உதவியாளர் டாம் மாரிஸ் அந்தப் பந்தில் ஆடியதைக் கண்டார், பெரிய சண்டை. மாரிஸ் 1851-இல் பிரெஸ்ட்விக் போய்ச் சேர்ந்தார். பிறகு பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை 4 முறை வென்றார். கடைசியாக வென்ற 1867-இல் அவருக்கு வயது 46. அதைவிட மூத்தவர் எவரும் இன்றுவரை அந்தப் பட்டத்தை வென்றதில்லை!

இனிதான் வேடிக்கை. 1920-இல் இங்கிலாந்தின் டீல் மைதானத்தில் ஓப்பன் போட்டி. அமெரிக்காவிலிருந்து வால்டர் ஹேகன் வந்து இறங்குகிறார். தம் நாட்டில் இருமுறை யு.எஸ். ஓப்பன் வென்றவர். கிளப் மாளிகைக்குள் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு அனுமதி இல்லை, கடைப்பக்கம் போய்ச் செருப்பு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். சம்பளக்காரனுக்குப் பின்வாசல் என்பது நமக்கும் தெரியாத சங்கதியா என்ன! ஹேகன் சண்டை போடவில்லை. டிரைவரோடு ஒரு சொகுசுக் காரை வாடகைக்கு எடுத்தார். மாளிகையின் முன்வாசலுக்கு நேரே நிறுத்தினார். உடை மாற்றுவதெல்லாம் அதற்குள்தான்! ஆட்டத்தில் என்னவோ 53-வது இடம்தான் கிடைத்தது. ஆனால் முதலிடம் வந்தவரைவிட இந்தக் கார் கதையைத்தான் இன்றும் ஊர் பேசுகிறது. அதே ஆண்டு, ஒஹையோவின் டொலிடோ நகரில், இன்வர்னஸ் கிளப் யு.எஸ். ஓப்பனுக்கு வந்த தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு மாளிகைக் கதவைத் திறந்துவிட்டது. நெகிழ்ந்துபோன ஆட்டக்காரர்கள் காசு சேர்த்து ஆளுயரக் கடிகாரம் ஒன்றை வாங்கிப் பரிசளித்தார்கள்.

அந்தக் கதவு எல்லோருக்கும் திறந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். 1896-இலேயே ஜான் ஷிப்பன் என்ற கறுப்பின இளைஞர் யு.எஸ். ஓப்பன் ஆடினார். அவர் ஆடினால் நாங்கள் ஆடமாட்டோம் என்று மற்றவர்கள் மிரட்டியும், போட்டியை நடத்திய யு.எஸ். கோல்ஃப் சங்கத்தின் தலைவர் ஹேவ்மேயர் மசியவில்லை. அப்படி ஆரம்பித்த நாட்டில் பி.ஜி.ஏ. சங்கம் 1934-இல் வெள்ளையர் மட்டுமே உறுப்பினர் ஆகலாம் என்று விதி எழுதியது. அதை அழிக்க 1961 ஆயிற்று.

கிளப் வாத்தியார்களில் ஹார்வி பெனிக்கைத் தெரியுமா? டெக்சாஸின் ஆஸ்டின் கன்ட்ரி கிளப்பில் எட்டு வயதில் பை தூக்கும் கேடியாகச் சேர்ந்தார். 1923-இல் அங்கேயே தலைமை புரோ. 1971 வரை அதே நாற்காலி! புகழ்பெற்ற ஆட்டக்காரர் சாம் ஸ்னீட் பந்தை அடிப்பதை ஒரு முறை பார்த்ததும், நமக்கு இது வராது, சொல்லிக்கொடுப்போம் என்று முடிவு கட்டியவர். ஆட்டக்காரர்கள் பென் கிரென்ஷா, டாம் கைட் இருவரும் அவர் வளர்த்த சீடப் பிள்ளைகள். ஒருவருக்குப் பாடம் நடக்கும்போது மற்றவரை வேடிக்கை பார்க்க விடமாட்டார். ஒருவருக்கான மருந்து அடுத்தவருக்கு விஷமாகிவிடுமாம்! தான் கற்றதையெல்லாம் ஒரு சிவப்பு நோட்டில் எழுதிப் பூட்டி வைத்திருந்தார். எண்பது வயது தாண்டியபின் அதைப் புத்தகமாக்க ஒரு பதிப்பகம் 90,000 டாலர் என்றது. கிழவருக்கு இரவெல்லாம் கவலை: மருத்துவச் செலவே தலைக்கு மேல் இருக்கும்போது பதிப்பகத்துக்கு இவ்வளவு பணத்தை எங்கிருந்து கட்டுவது? அவர்கள்தான் உங்களுக்குத் தருகிறார்கள் என்று விளக்க வேண்டியதாயிற்று! 1992-இல் வெளிவந்த அந்தப் புத்தகம் விற்பனையில் சக்கைப்போடு போட்டது.

1995 ஏப்ரல் 2-இல் பெனிக் மறைந்தார். அதற்குச் சில நாள் முன்பு, படுத்த படுக்கையாக இருந்தபடியே கிரென்ஷாவை ஒரு பழைய பட்டரை (பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை) எடுக்கச் சொல்லிப் பிடியைத் திருத்தியிருந்தார். புதன்கிழமை வாத்தியாரின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த கிரென்ஷா, ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். வயது 43!

கிளப் புரோவே மாஸ்டர்ஸ் வென்ற கதையும் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் விங்டு ஃபுட் கிளப்பின் கிளாட் ஹார்மன் 1948-இல் அடுத்தவரைவிட 5 அடி குறைவாக அடித்து வென்றார். கிளப் வேலையில் இருந்தபடி பெரும் பட்டம் ஒன்றை வென்ற கடைசி ஆள் அவர்தான். அவருடைய நான்கு மகன்களும் வாத்தியார்களே. அவர்களில் புட்ச் ஹார்மன்தான் ஒரு காலத்தில் டைகர் உட்ஸின் குருவாக இருந்தவர்!

பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில் இன்றும் கிளப் வாத்தியார்களுக்கு 20 இடங்கள் உண்டு. 2023-இல் அப்படி வந்தவர் மைக்கேல் பிளாக், வயது 46, கலிஃபோர்னியாவில் பாடம் நடத்துபவர். கடைசி நாள், நட்சத்திர ஆட்டக்காரர் ரோரி மெக்கில்ராயுடன் ஜோடி. 15-வது குழியில் அவர் அடித்த பந்து தரையைத் தொடாமல் நேராகக் குழிக்குள்! உள்ளேயா போயிற்று என்று மெக்கில்ராயிடமே கேட்டார், நம்ப முடியவில்லை. 15-வது இடத்தைப் பகிர்ந்து 2,88,333 டாலர் பெற்றார். அந்தப் புகழில் அடுத்த வாரமே டெக்சாஸ் போட்டி ஒன்றுக்கு அழைப்பு. முதல் நாள் 81 அடி, மறுநாள் 74. பட்டியலில் கடைசி இடம்!