உங்களுக்குத் தெரியுமா? நச்சுக் கழிவோடு போகும் ஏழு வண்ணச் சீட்டு

2025 ஜனவரி 1 இரவு. போபாலில் மூடிக் கிடந்த யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து 12 கன்டெய்னர் லாரிகள் வரிசையாகக் கிளம்பின. 1984 விஷவாயுப் பேரழிவு நடந்த அந்த ஆலை விட்டுச்சென்ற சுமார் 337 டன் நச்சுக் கழிவு உள்ளே இருந்தது. பீதம்பூர் எரிப்பு ஆலை வரை ஏறக்குறைய 250 கிலோமீட்டர். வண்டிகள் வழியில் சிக்காமல் போகப் போலீஸ் பாதையை ஒதுக்கித் தந்தது. மூட்டை ஏற்றியவர்கள் அரை மணி நேர ஷிப்டுகளில் வேலை செய்தார்கள்.

அது நாடே பார்த்த பயணம். என் கவலையெல்லாம் யாரும் பார்க்காமல் ஓடும் கழிவு லாரிகளைப் பற்றித்தான். ஒன்று கவிழ்ந்தால், முதலில் ஓடிவருவது பக்கத்து ஊர்க்காரர்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? தண்ணீர் பட்டாலே தீப்பிடிக்கும் கழிவுகள் உண்டு. சயனைடு கழிவில் அமிலம் கலந்தால் ஆளைக் கொல்லும் வாயு கிளம்பும். அதனால்தான் வண்டியில் அபாயப் பலகையும், ஓட்டுநர் கையில் அவசரகால அட்டையும் இருந்தே ஆகவேண்டும்.

இன்னொரு ஆபத்து, ராத்திரியோடு ராத்திரியாகக் கழிவை ஏரியிலோ ஓடையிலோ கொட்டிவிட்டுப் போவது. அதைத் தடுக்க 2016 அபாயகரக் கழிவு விதிகளின்படி ஒவ்வொரு லோடுக்கும் ஏழு படிகள் கொண்ட சீட்டு உண்டு: வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, நீலம், சாம்பல். மஞ்சள் படி அனுப்புபவரிடம் தங்கும். கழிவு போய்ச் சேர்ந்ததும், பெற்றவர் கையெழுத்திட்ட நீலப் படி அனுப்பியவருக்குத் திரும்பி வரவேண்டும். வரவில்லையென்றால், லோடு எங்கே போனது என்று தேடியாக வேண்டும்.