வண்ணத்துப்பூச்சி நீச்சலும் காவிரிக் கரை மக்களும்

முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமுமாகப் பிரியும் ஆற்றின் நடுவே அமைந்தது திருவரங்கத் தீவு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று அம்மா மண்டபப் படித்துறையில் திரளும் மக்களைக் காண்போர், நீரோடு இத்துணை நெருங்கி வாழ்வோர் பிறர் இலர் என்றே எண்ணுவர். ஆயினும் அவருள் நீந்தத் தெரிந்தோர் எத்துணைப் பேர் என வினவின், விடை மகிழ்ச்சி தருவதாக இராது. அவ்வினாவை மனத்திற்கொண்டு, நீச்சல் வகைகளுள் மிகக் கடினமானதெனக் கருதப்படும் வண்ணத்துப்பூச்சி நீச்சலைப் பற்றியும், அதில் தடம் பதித்த ஒரு வீரரைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

பெயரும் பிறப்பும்

வண்ணத்துப்பூச்சி நீச்சல் தனியே தோன்றியதன்று. மார்பு நீச்சலின் வயிற்றிற் பிறந்தது. 1930களில் வீரர் சிலர், மார்பு நீச்சலில் கைகளை நீருக்கடியே முன்கொணராமல், நீருக்கு மேலே வீசி முன்கொணர்ந்தனர். அன்றைய விதிகள் அதனைத் தடுக்கவில்லை. விரைவு கூடியது. சிறகு விரித்தாற்போன்ற அத்தோற்றமே பெயருக்குக் காரணமாயிற்று. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகப் பயிற்றுநர் டேவிட் ஆம்புரூஸ்டரும் அவர்தம் மாணவர் ஜாக் சீக்கும், இரு கால்களையும் இணைத்து ஓங்கில் மீனின் வால்போல் மேலும் கீழும் அடிக்கும் முறையை வளர்த்தனர். பழைய நீச்சலும் புதிய நீச்சலும் ஒரே போட்டியில் கலந்து நிற்பது பொருந்தாது எனக் கண்டு, 1952இல் இரண்டையும் தனித்தனியே பிரித்தனர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆடவர் 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சிப் போட்டி இடம்பெற்றது; 100 மீட்டர் போட்டி 1968இல் சேர்ந்தது.

நீந்தும் முறை

இந்நீச்சலின் இலக்கணம் ஒருங்கியைவு ஆகும். இரு கைகளும் ஒரே வேளையில் நீருக்கு மேலாக முன்வர வேண்டும்; ஒரே வேளையில் நீரைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். கால்களும் அவ்வாறே, மாறி மாறி அடித்தல் கூடாது. ஒருமுறை கைவீச, இருமுறை காலடிப்பர். கைகள் நீரில் நுழையும்போது முதல் அடி. நீரைத் தள்ளி வெளியேறும்போது இரண்டாம் அடி. மார்பிலிருந்து தொடங்கும் அலை இடை வழியாகப் பாதம் வரை செல்ல வேண்டும். காலால் மட்டும் உதைப்பவர் விரைவில் களைப்பர். உடல் முழுவதையும் அலையாக்குபவரே நிலைப்பர். திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரு கைகளாலும் ஒருங்கே சுவரைத் தொடவேண்டும். நீருக்கடியே 15 மீட்டருக்குமேல் செல்லுதலும் ஆகாது.

இது கடினமாவது ஏன்? பிற நீச்சல் வகைகள் சிலவற்றில் ஒரு கை முன்செல்லும்போது மறு கை நீரைத் தள்ளிக்கொண்டிருக்கும், விசை அறுபடாது. இங்கோ இரு கைகளும் ஒருங்கே காற்றில் இருக்கும் கணத்தில் உடலின் வேகம் குறைகிறது. அடுத்த வீச்சில் அதனை மீண்டும் ஈட்ட வேண்டும். ஓட்டமும் தளர்ச்சியும் மாறி மாறி வருவதால் ஆற்றல் மிகுதியாகச் செலவாகிறது; தோளின் சுமை பெரிது. 50 மீட்டர்க் குளத்தில் 200 மீட்டர் என்பது நான்கு நீளம். மூன்றாம் நீளத்தில் தோள் கனக்கும். நான்காம் நீளத்தில் பழக்கமும் மனவுறுதியுமே கைகொடுக்கும்.

நெய்வேலியிலிருந்து உரோம் வரை

இத்துறையில் இந்தியாவின் பெயரை முதலில் ஒலிக்கச் செய்தவர் கஜான் சிங். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் 200 மீட்டரில் அவர் வெள்ளி வென்றார். 2010 குவாங்சௌவில் வீர்தவல் காடே 50 மீட்டரில் வெண்கலம் பெற்றார். அவர்களுக்குப் பின் நம் கவனத்திற்குரியவர் சஜன் பிரகாஷ். 1993இல் கேரளத்து இடுக்கியில் பிறந்தாலும், அவர் வளர்ந்ததும் நீந்தக் கற்றதும் நம் தமிழ்நாட்டு நெய்வேலியில். தாயார் சாந்திமோள் ஓட்டப்பந்தய வீராங்கனை. நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் பணியாற்றியவர். பழுப்பு நிலக்கரி வெட்டும் ஊரில், ஒரு நிறுவனம் தன் ஊழியர் குடும்பங்களுக்கெனக் கட்டிய குளம் ஓர் ஒலிம்பிக் வீரரைத் தந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

2018 ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், 32 ஆண்டுகளுக்குப் பின் இப்போட்டியின் இறுதிச் சுற்றுக்குச் சென்ற இந்தியர் ஆனார் சஜன். அவ்வேளையில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. அவர்தம் உறவினர் சிலரின் நிலை தெரியவில்லை. அக்கவலையைச் சுமந்தே நீந்தி, 1 நிமிடம் 57.75 நொடியில் ஐந்தாவதாக வந்து தேசியச் சாதனை படைத்தார். பின்னர்க் கழுத்தெலும்புத் தட்டுப் பிதுங்கியதால் நெடுநாள் வலியால் வருந்தினார். அதிலிருந்து மீண்டு, 2021 ஜூன் 26 அன்று உரோம் நகரில் நடந்த பன்னாட்டுப் போட்டியில் 1 நிமிடம் 56.38 நொடியில் நீந்தினார். ஒலிம்பிக்கின் நேரடித் தகுதி எல்லை 1 நிமிடம் 56.48 நொடி. நொடியில் பத்தில் ஒரு பங்கு வேறுபாட்டில், அத்தகுதியை எய்திய முதல் இந்திய நீச்சல் வீரர் என்னும் சிறப்பு அவரைச் சேர்ந்தது.

டோக்கியோவில் அவர் முதற்சுற்றைக் கடக்கவில்லை. 24ஆம் இடமே கிடைத்தது. அங்கேரியின் கிறிஸ்டோப் மிலாக் 2022இல் படைத்த உலகச் சாதனை 1 நிமிடம் 50.34 நொடி. இடைவெளி ஆறு நொடி. அதனை மறைத்துப் புகழ்வது அறிவுடைமை ஆகாது. குளங்களும் பயிற்றுநரும் பெருகாமல் அவ்விடைவெளி குறையாது.

அதே ஆகஸ்டில் நம் ஆறு

சஜன் ஜகார்த்தாவில் நீந்திய அதே வாரத்தில் நம் ஊரிலும் வெள்ளம். கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் இடிந்தது. சில நாளில் முக்கொம்புக் கொள்ளிட மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஆற்றின் வலிமையை அன்று கண்ணெதிரே கண்டோம். இவ்வலிமையைப் பண்டைத் தமிழரும் அறிந்திருந்தனர். கழார்த் துறையில் நீராடுகையில் காவிரி கவர்ந்து சென்ற ஆட்டனத்தியையும், அவனைத் தேடிக் கரைதோறும் அலைந்த ஆதிமந்தியையும் சங்கப் பாடல்களில் மாணவர்க்கு ஆண்டுதோறும் கற்பிக்கிறோம்.

ஓராண்டு அப்பாடத்தை நடத்த இயலாது நின்றோம். முன்வரிசையில் அமரும் மாணவர் ஒருவர், விடுமுறை நாளில் நண்பர்களோடு கொள்ளிடத்திற்குக் குளிக்கச் சென்றார். மேலே முழங்கால் நீர். அடியிலோ மணல் அள்ளிய பள்ளம். அவர் திரும்பவில்லை. அவருடைய அத்தா துறைக்கு வந்து, மகனின் குறிப்பேடுகளைக் கேட்டு வாங்கிச் சென்றார். "ஆத்துப் பக்கமே போகாதேன்னு சொல்லித்தான் வளர்த்தேன், ஐயா" என்றார். நமக்கு மறுமொழி வரவில்லை. நம் அத்தாவும் நம்மை அவ்வாறே வளர்த்தார். காவிரிக் கரையிற் பிறந்தும் நமக்கு இன்றளவும் நீந்தத் தெரியாது.

நாம் செய்யத்தக்கது

போகாதே என்னும் சொல் இளமையைக் காவாது. கற்றுக்கொள் என்னும் சொல்லே காக்கும். பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்குமாறு அறிவுறுத்தும் கூற்று ஒன்று கலீபா உமர் (ரலி) அவர்கள் பெயரால் நம்மிடையே வழங்கிவருவதைப் பெரியோர் அறிவர். ஆயினும் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். குளத்து வண்ணத்துப்பூச்சி நீச்சல் வெள்ளத்தில் உயிர் காக்கும் கலையன்று. ஆற்றில் வேண்டுவது பதறாது மிதத்தலும், நீரோட்டத்தை எதிர்க்காது சாய்வாகக் கரை நோக்கி ஒதுங்குதலும் ஆகும். இழுத்துச் செல்லப்படுவோரைக் காக்க நீரிற் குதிப்பதினும் கயிறோ துண்டோ வீசுவது நன்று. இவற்றை முதலில் கற்பித்தல் வேண்டும். அவ்வாறு கற்கும் நூற்றுவருள் ஒருவர், சிறகு விரித்து நீந்தும் வீரராகவும் வளரக்கூடும்.

திருச்சி அண்ணா விளையாட்டரங்கில் நீச்சல் குளம் உண்டு. கல்லூரிகளும் ஊர்ப் பெரியோரும் கூடி, கோடை விடுமுறையில் மாணவர்க்கும், மகளிர் பயிற்றுநரைக் கொண்டு மாணவியர்க்கும் பயிற்சி ஏற்பாடு செய்தல் அரிதன்று. கற்க விழையும் ஆசிரியர்க்கும் அங்கு இடமளிக்க வேண்டுகிறோம். முதல் வரிசையில் நாமே நிற்போம்.