பாலை நிலத்து மஞ்சள் இறகு

ஐக்கிய அமெரிக்காவின் மேற்கே, மோகாவே முதலிய வறண்ட நிலங்களிற் சித்திரை வைகாசி மாதங்களிற் செல்வோர், நாலைந்தடி உயரத்திற் பொன்னிறப் பூங்கதிரைத் தூக்கி நிற்கும் செடியொன்றைக் காண்பர். அங்குள்ளோர் அதனை 'இளவரசனின் இறகு' என்பர். பறவைநூல் வல்ல ஆங்கிலப் பிரபு ஒருவரின் பெயரால் தாவரநூலார் அதனை ஸ்ரான்லியா பின்னேற்றா என வழங்குவர். அது கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றால் முதற் பார்வையில் எவரும் நம்பார்.

கடுகுப் பூவிற் புல்லிகள் நான்கு, சிலுவைபோல் விரிந்த அல்லிகள் நான்கு, கேசரங்கள் ஆறு. அவ்வாறனுள் நான்கு நீண்டும் இரண்டு குறுகியும் இருக்கும். இச்செடியிலோ ஆறும் ஏறக்குறைய ஒரே நீளமாய்ப் பூவுக்கு வெளியே நீண்டு நிற்கின்றன. காயும், பூவின் நடுவே எழும் தனித்தண்டொன்றின் நுனியில் நூல்போல் வளைந்து தொங்கும். யாழ்ப்பாணத்து வேலியோரத்து வேளைச்செடியின் காயைக் கண்டோர்க்கு இவ்வமைப்புப் புதியதன்று. வேளைக் குடும்பமும் கடுகுக் குடும்பமும் நெருங்கிய உறவுடையன. அப்பாலையிலும் மஞ்சட்பூ வேளை உண்டாதலின், மயக்கம் எளிதில் நேரும். அப்போது இலையைப் பார்த்தல் வேண்டும். வேளையின் இலை விரித்த கைபோற் சிற்றிலைகளாய்ப் பிரிந்திருக்கும். இதன் அடியிலைகள் இறகுபோற் பிளவுபட்டவை. அடித்தண்டும் மரம்போல் வைரித்திருக்கும்.

இவ்வேறுபாடுகளை அறிதல் வெறும் பொழுதுபோக்கன்று. வட ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் இருந்து வந்த சகாராக் கடுகு, 1920-களில் இருந்து கலிபோர்ணியப் பாலையிற் பரவிச் சுதேசப் பூஞ்செடிகளை நெருக்குகின்றது. அதனைக் களைவோர் மஞ்சட்பூக் கடுகையெல்லாம் பிடுங்கினால், காக்க வந்ததையே அழித்தவராவர். சகாராக் கடுகு ஓராண்டுச் செடி. அதன் மயிரடர்ந்த இலைகள் நிலத்தோடு வட்டமாய்ப் படிந்திருக்கும். பூ சிறியது, மங்கிய மஞ்சள் நிறமுடையது.

இறகுச்செடிக்கு வேறொரு குணமும் உண்டு. மண்ணிலுள்ள செலெனியம் என்னும் பொருளை வாங்கி இலையிற் சேர்த்துவைக்கும். அதனை மிகுதியாய் மேய்ந்த ஆடுமாடுகள் நோயுறும்; இறப்பதும் உண்டு. அந்நாட்டுப் பழங்குடியினர் இளந்தழையை அவித்து, அந்நீரைக் கொட்டிவிட்டே உண்டனர். புழுக்களும் அத்தழையை வெறுக்கும். எனினும், கோவாப் பயிரைக் கெடுக்கும் அந்துப்பூச்சியினத்தில் ஒரு வகை மட்டும் அந்நஞ்சைத் தாங்கி அச்செடியிலேயே வாழ்வதை ஆராய்ச்சியாளர் 2006-ல் வெளியிட்டனர்.