மேற்றிராணிமாரின் நல்ல யோசனை

கிறிஸ்தவப் பாடசாலைகளில் பிற மதத்துப் பிள்ளைகளுக்கு எத்தகைய போதனை நடைபெறலாம் என்ற விவாதம் நம் நாட்டில் ஓய்ந்தபாடில்லை. இவ்விஷயத்தில் இந்தியக் கத்தோலிக்க மேற்றிராணிமார் பேரவை 2024-ஆம் ஆண்டில் தன் பாடசாலைகளுக்கு விடுத்த வழிகாட்டுதலை நாம் மனமார வரவேற்கிறோம். எல்லா மதங்களையும் மதிக்க வேண்டும். கிறிஸ்தவ வழக்கங்களைப் பிற மதத்து மாணாக்கர்மீது திணிக்கலாகாது. காலைக் கூட்டத்தில் அரசியல் சட்டத்தின் முகவுரையை வாசிக்க வேண்டும் என்பன அதன் முக்கிய அம்சங்கள்.

இது சலுகையன்று, கடமையே. அரசாங்க அங்கீகாரமோ பண உதவியோ பெறும் பாடசாலையில் எவரையும் சம்மதமின்றி மத போதனையிலும் வழிபாட்டிலும் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தலாகாது. சிறுவராயின் காப்பாளரின் சம்மதம் வேண்டும். 1950 முதல் அமலிலுள்ள அரசியல் சட்டத்தின் 28-ஆவது ஷரத்து இவ்வாறு விதிக்கிறது. சிறுபான்மையோர் தம் பாடசாலைகளை நடத்தும் உரிமையை 30-ஆவது ஷரத்து காக்கிறது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது நியாயமாகாது.

ஆனால் அச்சம்மதம் கிராமங்களில் எவ்வாறு பெறப்படுகிறது என்பதே கேள்வி. கம்பம் பள்ளத்தாக்கில் ராயப்பன்பட்டி போன்ற ஊர்களில் கத்தோலிக்கர் நெடுங்காலமாகக் கல்வித் தொண்டு புரிந்து வருகின்றனர். அதை நாம் நன்றியுடன் ஒப்புக்கொள்கிறோம். எனினும், அருகில் வேறு நல்ல பள்ளி இல்லாத ஏழைத் தகப்பன், கொடுத்த தாளில் வாய் திறவாது கையெழுத்திடுவான். அம்மௌனத்தைச் சம்மதமென்று கொள்ளலாகாது. நிர்வாகிகள் தாமே முன்வந்து அவனைக் கேட்க வேண்டும். மறுத்தால் பிள்ளைக்கு எவ்விதக் குறையும் வராதென்று உறுதி கூற வேண்டும்.

குறை கூறுவோரும் பள்ளி வாசலில் கூச்சலிடுவதை விடுத்துச் சட்டத்தின் வழியை நாடுவார்களாக. மேற்றிராணிமாரின் சொல் மேலிடத்தில் பிறந்துவிட்டது. கிராமப் பள்ளியில் அது செயலாவதையே தேசம் எதிர்பார்க்கிறது.