மின்னும் வெள்ளியை அளக்கும் கையடக்க நிறமாலைமானி: எப்படி இயங்குகிறது?

தைப்பூசத்துக்கு முந்தின நாள் ஜார்ஜ்டவுன் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்படுகிறது நகரத்தாரின் வெள்ளி ரதம். மெருகு குலையாத வெள்ளி, தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 95 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். காற்றிலுள்ள கந்தக வாயுவோடு பினாங்குத் தீவின் ஈரப்பதமும் சேர்ந்தால் வெள்ளி சல்பைடு மெல்லிய படலமாகப் படியத் தொடங்கும். அப்போது முதலில் குறைவது நீல ஒளி. கறுப்பதற்கு முன்பே வெள்ளியில் ஒரு மஞ்சள் சாயல் தட்டுவது அதனால்தான்.

அந்தச் சாயல் கண்ணில் படுவதற்கு முன்பே அதைக் கண்டுபிடிக்க முடியுமா? ரதத்தை ஆய்வகத்துக்குத் தூக்கிப் போக முடியாது. கருவிதான் அதனிடம் போகவேண்டும். அதே தீவில் 1972இல் உருவான பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரத்துக்கும் இந்தக் கேள்வி அந்நியமானதல்ல. எல்.இ.டி. விளக்குகளில் சிப் உட்காரும் கிண்ணத்துக்குப் பெரும்பாலும் வெள்ளி முலாம்தான். அது மங்கினால் விளக்கும் மங்கும்.

கையடக்க நிறமாலைமானிக்குள் நடப்பது இதுதான். மெல்லிய பிளவு வழியே நுழையும் ஒளி, கீற்றணியில் பட்டு நிறம் நிறமாகப் பிரிந்து, ஒரு சில்லின்மேல் விரிந்து விழும். அந்தச் சில்லில் 2,048 உணர்கட்டங்கள் வரிசையாக இருப்பது பரவலான அமைப்பு. அந்த வரிசையை நீளமான ஓர் இட்லித் தட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனைக் குழிகளில் ஊதா, நீலம். மறுமுனைக் குழிகளில் சிவப்பு. ஒளி விழ விழக் குழியில் மாவு ஏறுகிறது. மாவு என்பது எலெக்ட்ரான்கள். ஒரு குழிக்குச் சுமார் 62,500 எலெக்ட்ரான்கள் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குமேல் ஊற்றினால் வழியும். எவ்வளவு ஊற்றினோம் என்ற கணக்கும் அதோடு போய்விடும். அதனால் எண்பது விழுக்காடு நிரம்பியதும் நிறுத்திக்கொள்வது நல்லது.

நுட்பமாக அளக்க வேண்டுமென்றால் ஒளியைக் கூட்டு என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. மங்கலான பொருளுக்கு அது சரி. பளபளக்கும் பொருளில் ஒளிக்குப் பஞ்சமே இல்லை, குழிதான் சிறியது. ஒளித்துகள்கள் எண்ணி வைத்தாற்போல் வருவதில்லை. கணக்கு எளிதாக இருக்க முழுக் குழியையே எடுத்துக்கொண்டு 62,500ஐ எதிர்பார்த்தால் அதன் வர்க்கமூலமான 250 அளவுக்குக் கூடவோ குறையவோ செய்யும். அது 0.4 விழுக்காடு. படலத்தின் தொடக்கமோ 0.1 விழுக்காடு மாற்றமாக இருக்கலாம். ஒரே ஓர் ஈட்டை, அதாவது ஒருமுறை குழிகளை நிரப்பி எடுத்த அளவை, வைத்து அதைச் சொல்ல முடியாது. நூறு ஈடு எடுத்துச் சராசரி கண்டால் தடுமாற்றம் பத்தில் ஒரு பங்காகி 0.04 விழுக்காட்டுக்கு இறங்கும். வெள்ளியின்முன் ஒவ்வோர் ஈடும் சில மில்லிவினாடியில் நிரம்பிவிடும் என்பதால் நூறுக்கும் ஒரு வினாடி போதும்.

இனி நீலக் குழிகளைப் பார்ப்போம். உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஆலசன் விளக்கில் சிவப்பு அதிகம், நீலம் குறைவு. சிவப்புக் குழி விளிம்பைத் தொடும்போது நீலக் குழியில் பத்தில் ஒரு பங்குதான் ஏறியிருக்கும்: 6,250 எலெக்ட்ரான்கள், அதில் தடுமாற்றம் 79. அதாவது 1.3 விழுக்காடு. நமக்கு வேண்டிய செய்தி இருக்கும் இடத்திலேயே அளவு மிக மோசமாகிறது. போதாக்குறைக்கு, பெட்டிக்குள் சிதறித் தெறிக்கும் சிவப்பு ஒளியும் நீலக் குழியில் சொட்டுச் சொட்டாக விழும். எத்தனை ஈடு எடுத்தாலும் இந்தக் கலப்படம் சராசரியில் கரையாது.

இதற்கான தீர்வு எளிமையானது. விளக்கின்முன் ஒரு நீலக் கண்ணாடி வடிகட்டியை வைத்துச் சிவப்பைக் குறைத்துவிட வேண்டும். பிறகு எல்லாக் குழிகளும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வரும்வரை நேரத்தை நீட்டலாம். நீலத்தின் தடுமாற்றம் மூன்றில் ஒரு பங்காகிறது, தெறிப்பும் குறைகிறது. விலையுயர்ந்த சில்லை மாற்றுவதற்கு முன் இதைத்தான் செய்யவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது, எதோடு ஒப்பிடுகிறோம் என்பது. வழக்கமான வெண்தகடு ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கும். அதில் சிறு பங்குதான் கருவிக்குள் வரும். அதற்கு ஏற்றபடி நேரத்தை அமைத்துவிட்டு வெள்ளியைக் காட்டினால், ஒரே திசையில் திரும்பும் ஒளியில் குழிகள் பொங்கி வழிந்துவிடும். பளபளப்பான பொருளுக்கு ஒப்பீடும் அளந்து சான்றளிக்கப்பட்ட ஒரு கண்ணாடியாகவே இருக்கவேண்டும். ரதத்தின் தகடு சித்திர வேலைப்பாட்டோடு மேடும் பள்ளமுமாக இருக்கும். தகடு ஒரு டிகிரி சாய்ந்தால் திரும்பும் கதிர் இரண்டு டிகிரி விலகும். உட்புறம் வெள்ளை பூசிய சிறு உருண்டையைத் தகட்டின்மேல் வைத்தால், எந்தப் பக்கம் திரும்பும் ஒளியும் அதற்குள் சிக்கிக் கலந்துவிடும். இதில் பெருமளவு ஒளி வீணாகும். ஆனால் நம்மிடம் செலவழிக்க ஒளி தாராளமாக இருக்கிறது.

பளபளப்பை அடியோடு விலக்கவேண்டிய இடமும் உண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன், 1921இல் இங்கிலாந்திலிருந்து ‘நர்குண்டா’ கப்பலில் திரும்பும்போது, சட்டைப்பைக்குள் அடங்கும், ஒளியை முனைவாக்கும் நிகோல் பட்டகம் ஒன்றின் வழியே கடலைப் பார்த்தார். உரிய கோணத்தில் நீர்ப்பரப்பின் மினுக்கம் அணைந்தது. ஆனால் நீருக்குள்ளிருந்து வரும் நீலம் அணையவில்லை. கடலின் நீலம் வானத்தின் வெறும் பிரதிபலிப்பல்ல என்று அதை வைத்து வாதிட்டார். மெருகெண்ணெய் பூசிய மரத்துக்கும் ஓவியத்துக்கும் இதே உத்தி இன்றும் பொருந்தும். வெள்ளிக்குப் பொருந்தாது. உலோகத்தில் நிறம் இருப்பதே அந்த நேர்ப் பிரதிபலிப்பில்தான். மினுக்கத்தை அணைத்தால் செய்தியும் அணைந்துவிடும்.

வெயிலில் வேலை செய்வோர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். நீலத்துக்காக நேரத்தை நீட்டினோம் அல்லவா? சூடேறிய சில்லில் ஒளி இல்லாமலேயே எலெக்ட்ரான்கள் சேரும், இட்லிப் பானை மூடியிலிருந்து குழிக்குள் சொட்டும் ஆவி நீரைப்போல. சில்லின் வெப்பம் ஆறேழு டிகிரி உயர்ந்தால் இது ஏறக்குறைய இரட்டிக்கும். ஆகவே ஒளியை மறைத்து ஓர் இருள் அளவு எடுத்துக் கழிக்கவேண்டும். அதை அடிக்கடி புதுப்பிக்கவும் வேண்டும். விளக்கின் பிரகாசமும் நிமிடத்துக்கு நிமிடம் நகரும். ஒப்பீட்டுக் கண்ணாடி, வெள்ளி, மீண்டும் கண்ணாடி என்று மாறி மாறி அளந்து, முன்னும் பின்னும் எடுத்த கண்ணாடி அளவுகளின் சராசரியால் வெள்ளியின் அளவை வகுத்தால் அந்த நகர்வு பெரும்பாலும் கழிந்துவிடும். இரண்டு கண்ணாடி அளவுகளும் 0.1 விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால், விளக்கு நிலைபெறும்வரை காத்திருந்து மறுபடி தொடங்கவேண்டும்.