குப்பைக்குப் போகும் வண்ணக் காகிதங்கள்

நம் இல்லங்களில் காகிதம் வந்து சேரும் வழிகள் பல. ஷவ்வால் பிறந்துவிட்டால் நிக்காஹ் அழைப்பிதழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கும். மீலாது மேடைக்கென வாங்கிய ஜிகினாத் தாளில் பாதி மீந்துவிடும். பிள்ளைகளின் பள்ளிக் கைவேலைக்காக வாங்கிய சார்ட் அட்டை, கிரேப் தாள், ஒட்டுப் படங்கள், ஒரு முழ ரிப்பன், வாய் உறைந்த பசைக்குப்பி ஆகியவை அலமாரியின் அடித்தட்டில் அடைக்கலம் புகும். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது இவையனைத்தும் ஒரே மூட்டையாகப் பழைய காகிதக்காரரிடமோ குப்பைத் தொட்டிக்கோ போய்விடுகின்றன.

இதில் விரயம் ஒருபுறம் இருக்கட்டும். திருக்குர்ஆனின் 17-ஆம் அத்தியாயம் வீண் செலவைக் கண்டிப்பதை நாம் அறிவோம். அதனினும் கவலைக்குரியது, அந்த மூட்டைக்குள் அல்லாஹ்வின் திருநாமமும் இறைவசனங்களும் அச்சிட்ட அழைப்பிதழ்கள் கலந்திருப்பது. சாக்கடையோரம் கிடக்கும் அட்டையில் பிஸ்மில்லாஹ்வைக் கண்டு பதறி எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றவர்கள் நம்மில் பலர். இதற்காகவே முன்னோர் அழைப்பிதழின் தலைப்பில் 786 என்று மட்டும் அச்சிட்டார்கள் என்பர். அவ்வழக்கத்தை ஏற்காத ஆலிம்களும் உண்டு. அந்த விவாதத்துக்குள் நாம் புக வேண்டியதில்லை.

ஆகவே முதல் வேலை கத்தரிக்கோலுக்குத்தான். ஒவ்வொரு அட்டையிலும் இறைநாமம், வசனம், ஸலவாத் உள்ள பகுதியை வெட்டித் தனி உறையில் இடுங்கள். தேய்ந்த முஸ்ஹபுப் பிரதிகளைத் தூய துணியில் சுற்றிக் கால் படாத இடத்தில் புதைக்குமாறு ஹனஃபி மார்க்க அறிஞர்கள் கூறுவர். ஹஸ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் முஸ்ஹபுகளை ஒருமுகப்படுத்தியபோது ஏனைய ஏடுகளை எரிக்கச் செய்ததை ஆதாரமாகக் கொண்டு, எரித்தலை அனுமதித்தவர்களும் உண்டு. எது தக்கது என்பதை உங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இத்தகைய தாள்களைச் சேகரிக்கப் பெட்டி வைத்திருக்கும் பள்ளிவாசல்களும் உள்ளன.

எஞ்சியதை உடனே வெட்டித் தீர்த்துவிட வேண்டாம். அழைப்பிதழ் என்பது சாமானிய ஆவணம் அன்று. ஹிஜ்ரித் தேதி, ஆங்கிலத் தேதி, பாட்டனார் பெயர், தெருவின் பழைய பெயர், தொழில், நிக்காஹ் நடந்த பள்ளிவாசல் அனைத்தும் அதில் உண்டு. ஒரு குடும்பம் மூன்று தலைமுறையில் எந்தெந்த ஊர்களுக்குப் பெண் கொடுத்தது, எங்கிருந்து எடுத்தது என்பதை இத்தகைய நாற்பது அட்டைகள் சொல்லிவிடும். நம் குடும்பத்து அழைப்பிதழ்களை மட்டும் பிரித்தெடுத்து, மீந்த சார்ட் அட்டைகளை ஒரே அளவாக வெட்டித் துளையிட்டு, அந்த ரிப்பனாலேயே கோத்து ஓர் ஏடாக்கலாம். செல்லோ டேப் வேண்டாம். சில ஆண்டுகளில் பழுப்பேறிக் கறையை விட்டுச் செல்லும். அட்டையின் நான்கு மூலைகளையும் செருகிவைக்கக் காகித மூலைகள் மடித்து ஒட்டினால் போதும்.

பழைய அழைப்பிதழ்கள் பலவற்றில் தந்தையார் பெயரும் பாட்டனார் பெயரும் பட்டங்களோடு இருக்கும். பெற்ற தாயின் பெயர் இராது. வீட்டிலுள்ள நன்னி, பெரியம்மா, மாமிமார்களிடம் கேட்டு அப்பெயர்களை ஓரத்தில் எழுதிவையுங்கள். வண்ணத்தாள் ஒட்டுவதைக் காட்டிலும் இது அவசரமான வேலை. சொல்லக்கூடியவர்கள் எந்நாளும் இருக்கமாட்டார்கள்.

உறவல்லாதார் அட்டைகளும் அவற்றின் கனத்த உறைகளும் கைவேலைக்கு உரியவை. பெருநாள் காசு வைத்துக் கொடுக்கச் சிறு உறைகள் செய்யலாம். உறை ஒன்றைப் பிரித்துப் பரப்பி அச்சாக வைத்துக்கொண்டால் அளவு பார்க்கும் தொல்லையில்லை. காகிதத்துக்கும் மரத்தைப் போல் நாரோட்டம் உண்டு. அட்டையை இருபக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்தப் போக்கில் மடித்தால் மடிப்பு வெடிக்காது. இத்தகைய முப்பது உறைகளை ஒரு பெரிய அட்டையில் ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு நற்செயலை எழுதிப் போட்டுவைத்தால் பிள்ளைகளுக்கு ரமலான் நாட்காட்டி தயார். 'இன்று அண்டை வீட்டுக்கு நோன்புக் கஞ்சி கொண்டுபோய்க் கொடு' என்ற சீட்டை எடுக்கும் பிள்ளை அதைச் செய்யாமல் விடாது.

கையகலத் துண்டுகளும் வீண் அல்ல. அடியில் ஒரு விரற்கடை அகலமும் ஒரு சாண் நீளமும் கொண்ட முக்கோணப் பட்டைகளாக வெட்டி, அகன்ற முனையிலிருந்து ஈர்க்கில் இறுகச் சுற்றி முனையை ஒட்டினால் நடுவில் பருத்த மணி கிடைக்கும். வார்னிஷ் பூசிய முப்பத்து மூன்று மணிகளைக் கோத்தால் அழகிய தஸ்பீஹ் மாலை.

இனி எதற்கும் ஆகாதென்று எஞ்சும் வெறும் தாள்கள். காஷ்மீரத்துக் கைவினைஞர்கள் பழந்தாளை நாட்கணக்கில் ஊறவைத்து இடித்துக் கூழாக்கி, அச்சில் படியவைத்து, உலர்ந்தபின் வண்ணம் தீட்டி உலகம் வியக்கும் பேழைகளைச் செய்கிறார்கள். 15-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டை ஆண்ட சுல்தான் ஸைனுல் ஆபிதீன் காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து அக்கலை வந்ததாகக் கூறுவர். எழுதுகோல் பெட்டிகளிலே தொடங்கியதால் அதற்குக் 'காரே கலம்தான்' என்றே பெயர். அத்தனை தூரம் போவானேன்? தமிழகத்துப் பாட்டிமார் காகிதத்தையும் வெந்தயத்தையும் அரைத்துக் கூடை செய்தவர்களே. இன்று பிளாஸ்டிக் கூடை வந்து அந்தக் கைவேலையை ஓரங்கட்டிவிட்டது.

முறை கடினமன்று. தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, தினமும் நீர் மாற்றி மூன்று நாள் ஊறவையுங்கள். மினுமினுப்புத் தூள் ஒட்டியவையும் பிளாஸ்டிக் பூச்சுள்ளவையும் கரையா. அவற்றை ஆரம்பத்திலேயே நீக்கிவிட வேண்டும். ஊறியதைப் பிழிந்து, தனியே ஊறவைத்த ஒரு பிடி வெந்தயத்தோடு மைய அரையுங்கள். வெந்தயத்தின் வழுவழுப்பு பசையாகும்; அதன் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பது பெண்டிரின் அனுபவம். வாயகன்ற பாத்திரமொன்றைக் கவிழ்த்து ஈரத்துணி போர்த்தி, அதன்மேல் கூழை விரற்கனத்துக்கு அப்பித் தட்டுங்கள். ஒருநாள் நிழலிலும் இரண்டு மூன்று நாள் வெயிலிலும் காய்ந்தபின் துணியைப் பற்றி இழுத்தால் கூடை கழன்று வரும். வெளிப்புறம் மீந்த வண்ணத்தாளை ஒட்டிக்கொள்ளலாம். வெங்காயம், பூண்டு, தையல் சாமான் வைக்க உதவும். ஈரம் மட்டும் ஆகாது.