சேப்பாக்கத்தில் பன்னிரண்டு ஓட்டங்கள்

நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ அறுவடை முடிந்து வயல்கள் காய்ந்தவுடன், சிறுவர்கள் மட்டையும் பந்துமாக அவற்றில் இறங்கிவிடுவர். வெடிப்புற்ற மண்ணில் விழும் பந்து எப்பக்கம் திரும்பும் என்று எவராலும் கூற இயலாது. அங்கே இருபது ஓட்டம் எடுத்தவனே வீரன். ஓட்டங்கள் மலிந்த ஆட்டத்தில் ஓர் ஓட்டத்தை யார் பொருட்படுத்துவர்? அவை அரிதாகும்போதுதான் ஒவ்வொன்றும் பொன்னாகிறது. இவ்வுண்மையைப் பேரளவில் காட்டியது, 1999ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கத்தில் தொடங்கிய இந்திய பாகிஸ்தான் டெஸ்டுப் போட்டி.

தில்லியில் ஆடுகளம் சேதப்படுத்தப்பட்டமையால் முதற்போட்டி சென்னைக்கு மாற்றப்பட்டிருந்தது. இந்திய மண்ணில் இவ்விரு நாடுகளும் அதற்கு முன் மோதிய டெஸ்டு, 1987இல் பெங்களூரில் வெறும் 16 ஓட்டங்களில் பாகிஸ்தானுக்கு வெற்றியாய் முடிந்தது. அந்நினைவும் சேர்ந்து மக்களின் ஆவலைப் பெருக்கிற்று.

முதற்சுற்றில் பாகிஸ்தான் 238 ஓட்டங்களும் இந்தியா 254 ஓட்டங்களும் எடுத்தன. அனில் கும்ப்ளே ஆறு விக்கெட்டுகளை வீழ்த்தினார். சச்சின் தெண்டுல்கரோ ஓர் ஓட்டமும் இன்றித் திரும்பினார். இரண்டாம் சுற்றில் ஷாகித் அப்ரிதி 141 ஓட்டங்கள் குவித்தார். பாகிஸ்தான் நான்கு விக்கெட்டு இழப்புக்கு 275 என்று ஓங்கி நின்றது. அப்போது வெங்கடேஷ் பிரசாத் ஓர் ஓட்டமும் கொடாமல் ஐவரை வீழ்த்தவே, 286இல் அச்சுற்று முடிந்தது. இந்தியா வெல்ல வேண்டுவது 271.

ஈண்டுச் சுழற்பந்தின் இயல்பை அறிதல் நலம். நாள்கள் செல்லச் செல்ல ஆடுகளம் காய்ந்து தேய்கிறது. தேய்ந்த மண் பந்தைப் பற்றித் திருப்புகிறது. சக்லைன் முஷ்டாக் வீசும் பந்து வழக்கமாக வலக்கை ஆட்டக்காரரை நோக்கி உள்ளே திரும்பும். ஆனால் அதே கையசைவில் வெளியே விலகும் மற்றொரு பந்தும் அவரிடம் இருந்தது. 'தூஸ்ரா' என்பது அதன் பெயர். 'மற்றது' என்று பொருள். எது வரும் என்று அறியாமல் ஆடுவது, இருட்டில் படியிறங்குவது போன்றது.

இந்தியா 6 ஓட்டங்களுக்குள் இருவரை இழந்த நிலையில் தெண்டுல்கர் களம் புகுந்தார். 82 ஓட்டங்களில் ஐவர் வெளியேறினர். அதன்பின் நயன் மோங்கியாவும் அவரும் சேர்ந்து 136 ஓட்டங்கள் எடுத்தனர். முதுகுவலி தெண்டுல்கரை வாட்டியது. நிமிர்ந்து நிற்பதே அரிதாயிற்று. வலி மிகுந்தமையால் பொறுமையாய் ஆடுவதை விடுத்து, விரைவில் முடித்துவிட எண்ணி ஓங்கி அடிக்கத் தலைப்பட்டார். அது தவறெனச் சிலர் கூறுவர். அவ்வலியை அறியாதார் கூறும் கூற்று அது என்பது என் கருத்து.

இன்னும் 17 ஓட்டங்களே வேண்டும். கையிலோ நான்கு விக்கெட்டுகள். சக்லைனின் பந்தை அவர் தூக்கியடிக்க, அது மட்டையில் செம்மையாய்ப் படாமல் மேலெழுந்து பாகிஸ்தான் தலைவர் வாசிம் அக்ரமின் கையில் விழுந்தது. ஆறரை மணி நேரத்திற்கு மேல் நின்று 136 எடுத்தவர் தலைகுனிந்து நடந்தார். எஞ்சிய மூவரும் நான்கு ஓட்டங்களுக்குள் வீழ்ந்தனர். 258இல் ஆட்டம் முடிந்தது. 12 ஓட்டங்களில் வெற்றி பாகிஸ்தானுக்கே.

ஆட்டநாயகர் விருது தெண்டுல்கருக்கு அறிவிக்கப்பட்டது. அதனைப் பெறவும் அவர் வெளிவரவில்லை.

அரங்கில் சிறிது நேரம் பேச்சற்ற அமைதி நிலவியது. பின்னர் ஒருவர் எழுந்து கைதட்டினார், அருகிருந்தோரும் எழுந்தனர், சற்று நேரத்தில் அரங்கமே எழுந்து நின்று வென்றவரைப் பாராட்டியது. அவ்வொலியைக் கேட்ட பாகிஸ்தான் வீரர்கள் திரும்பி வந்து, கையசைத்தவாறு மைதானத்தைச் சுற்றி வந்தனர்.